வாரத்துக்கு ஒன்று

பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, பொடியைப் பாலில் கொட்டினான். இன்னொன்றையும் கிழித்துக் கொட்டினான். அடியில் ஒரு துளிகூடத் தங்கிவிடாதபடி கலக்கினான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு நடுவில் கரண்டி ஈர்க்குச்சி போல இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்தச் சீக்கு வரும்வரைக்கும், அவன் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, குமட்டலை அடக்கிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

தெருவில் அவள் பெயரே வாத்து என்றாகியிருந்தது. துணிக் கம்பெனியில் தரைக்குக் கீழே இருந்த கூடத்தில், தைத்து வரும் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. விடியுமுன் போய் இருட்டியபின் வருவாள். டியூப்லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் மேலே பட்டதில்லை. இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்று முதலில் சொன்னபோது, "உக்காந்து கத்திரி புடிக்கிறவளுக்கே இப்படின்னா, முதுகுல மூட்டை சுமக்கிற நான் என்னடி சொல்றது?" என்றான். பிறகு அவள் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் அவன்தான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். தரையில் உட்கார்ந்தவள், தன் தொடைமேலேயே கையை ஊன்றி ஊன்றி எழுந்திருக்க வேண்டிவந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தொடை எலும்பில் மயிரிழை போல ஓடிய விரிசலைக் காட்டினாள். எலும்பு இளகிப்போய்விட்டது என்றாள்.

"வருஷக்கணக்கா கால்சியம் மாத்திரை சாப்பிடுறாளே டாக்டரம்மா."

"முழுங்கினா மட்டும் போதுமா? நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கிடங்குல சுமை தூக்குறேன்."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். லாரி வாசல்ல வந்து நிக்குது. இறக்க ஆள் இல்ல. என்ன ஆகும்?"

"சரக்கோட திரும்பிடும்."

"அதேதான். குடல்ல ஒரு புரதம் இருக்கு. கால்சியத்தைக் கெட்டியாப் புடிச்சு, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் ரத்தத்துல சேக்கும். அதுதான் சுமையாள். விட்டமின் டி மேஸ்திரி. மேஸ்திரி கூப்பிட்டாத்தான் ஆளு வருவான். வெயிலே படாத உடம்புல மேஸ்திரிக்கு எங்க போறது?" பொட்டலங்களைக் கொடுத்து, "வாரத்துக்கு ஒண்ணு. இது தீந்ததும் வந்து காட்டணும்" என்றாள்.

படிக்காத அவனுக்கு உடம்புக்குள்ளேயும் ஒரு கிடங்கு இருப்பது அதிசயமாக இருந்தது. மறுநாள் மூட்டைகளுக்கு நடுவே எல்லோரிடமும் சொன்னான். "அவனுங்களுக்குக் கூலி ஒழுங்காக் குடுத்துடுப்பா, ஸ்ட்ரைக் பண்ணிடப் போறானுங்க" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பொட்டலங்கள் வேலை செய்தன. வலி குறைந்தது. ஒருநாள் அவள் சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினாள். அவன் அதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒருநாள் வருகிற மேஸ்திரியாலேயே இவ்வளவு என்றால், தினமும் வந்தால் எப்படி இருக்கும்? வாரம் ஒருநாள் மட்டும் தலைகாட்டுகிற மேஸ்திரியை அவன் எந்தக் கிடங்கிலும் பார்த்ததில்லை. அவள் தேறிவிட்டதால் டாக்டரம்மாவிடம் திரும்பப் போகவில்லை. மருந்துக்கடைக்காரன் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான்.

"வாரத்துக்கு ஒண்ணுன்னுதானேங்க சொன்னாங்க?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"அது மெத்தையில சாஞ்சுகிட்டு மெதுவாத் தேறுறவங்களுக்கு. நீ சீக்கிரம் பழையபடி ஓடியாட வேணாமா? குடி."

குடித்தாள். மாதங்கள் போயின. முதலில் தாகம் வந்தது. குடம் கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. பிறகு எது சாப்பிட்டாலும் வயிற்றில் தங்கவில்லை. தீப்பெட்டியை அரிசிக்குள் வைத்துவிட்டுத் தேடினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டு, அவன் பதில் சொன்னபின் மறுபடியும் அதையே கேட்டாள். ஆள் பற்றவில்லை, சரக்கு மறுபடியும் திரும்பிப் போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அதனால்தான் தினம் ஒன்றை இரண்டு பொட்டலமாக்கினான்.

அன்று காலைப் பாலைக் குடித்து முடித்தவள், காலித் தம்ளரை என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மூட்டையைவிட மிகவும் லேசாக இருந்தாள்.

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கிட்னி அடிபட்டிருக்கிறது என்றாள் டாக்டரம்மா. "மருந்தை எப்படிக் குடுத்தீங்க?"

அவன் நிமிர்ந்து நின்றான். "ஒரு நாள் தவறாமக் குடுத்தேன் டாக்டரம்மா. தினமும், என் கையாலயே கரைச்சு. இப்பக் கொஞ்ச நாளா ரெண்டு ரெண்டா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "கிடங்கு நிரம்பின பிறகும் இறக்கிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?" என்றாள்.

அவனுக்குத் தெரியும். நடைபாதையில் அடுக்குவார்கள், படிக்கட்டில் அடுக்குவார்கள், பிறகு கதவைத் திறக்க முடியாது.

"எங்க வெப்பாங்க டாக்டரம்மா?"

"வெக்கக் கூடாத எடத்துல எல்லாம்."

"கிட்னி திரும்பிடுமா?"

"தண்ணி ஏத்திப் பாக்கலாம். அந்த மருந்து கொழுப்புல போய்த் தங்கிடும். நிறுத்தினாலும் மாசக்கணக்கா உள்ள வேலை செஞ்சுகிட்டேதான் இருக்கும். போன்னு சொன்னா போற மேஸ்திரி இல்ல. வெயில்லகூட இப்போதைக்கு விடாதீங்க."

ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. அத்தனை வருஷமும் அவளைத் தேடி வராத வெயில், கண்ணாடி வழியாக இறங்கி அவள் பாதத்தில் ஏறி, மெல்ல முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குத் திரை இல்லை. அவன் எழுந்து, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பாரம் ஏற்றுவதற்கு நிற்பது போல முதுகு தானாகவே கொஞ்சம் வளைந்தது. அவன் நிழல் அவள்மேல் விழுந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். "சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"விடிஞ்சிடுச்சா? பால் எங்க?"

அவன் சட்டைப் பையில் மிச்சப் பொட்டலங்கள் மார்போடு ஒட்டிக்கிடந்தன. ஊசி குத்தியிருந்த கையையும் மற்றக் கையையும் சேர்த்து, அவள் தம்ளரை வாங்கிக்கொள்வதற்காக நீட்டியபடியே இருந்தாள்.