முப்பதாவது ஆளின் ரத்தம்

இஃபத்துக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்று காலை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரண்டு பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டிருக்கும் அவளுடைய ஆய்வுக்கூடத்தின் கணினித் திரையில், கலியமூர்த்தி என்கிற எழுபத்தாறு வயதுக்காரர் நடக்கவே முடியாத காரியம் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார்.

வயதான உடம்பு ஏன் நோயோடு மல்லுக்கட்ட மறந்துபோகிறது என்பதுதான் இஃபத்தின் ஆராய்ச்சி. இளவட்டங்களுக்கு ஃப்ளூ ஊசி ஒன்று போட்டால் உடம்பு கப்பென்று பிடித்துக்கொள்கிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதே ஊசி காதில் விழாத மாதிரி இருக்கிறது. அந்த உடம்புக்குக் கற்றுக்கொள்ளத் தெரியாமல் இல்லை, நிதானமாகத்தான் கற்றுக்கொள்ளும் என்பது அவள் கட்சி. அதனால் ஆறு வாரம் கழித்து இன்னொரு ஊசி போட்டுப் பார்த்தாள். இதை அவள் வெறும் அறிவுப் பசிக்காகச் செய்யவில்லை. பூந்தமல்லியில் இரும்புக் கடை வைத்திருந்த அவளைப் பெற்ற அத்தா தஸ்தகீர், வருஷம் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வயசாகிவிட்டதில்லையா என்று வந்தவர்கள் எல்லாம் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மூடிப்போன பம்ப் கம்பெனி ஒன்றின் பழைய தொழிலாளர்கள் பட்டரவாக்கத்தில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கே நாற்பத்திரண்டு பேர் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள். மகன் வீட்டோடு போனவர், பயந்து நின்றவர், காலமானவர் என்று கழிந்து, கடைசியில் சரியாக முப்பது பேர் மிஞ்சினார்கள். முப்பதுக்கு ஒரு ஆள் குறைந்தாலும் ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்று பணம் கொடுக்கும் குழு எழுத்திலேயே சொல்லியிருந்தது. குழுத் தலைவர் கார்த்திகேசன் அதை வாயாலும் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

இப்போது கலியமூர்த்தி செய்த காரியத்துக்கு வருவோம். சைட்டோமெகலோ என்று வாயில் நுழையாத பெயருடைய ஒரு வைரஸ் இருக்கிறது. ஒரு தடவை உடம்புக்குள் குடிவந்தால் ஆயுசுக்கும் காலி செய்யாது. நம் ஊரில் அது இல்லாத கிழவரை விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்கும்போதும் அதன் தடயத்தையும் பார்ப்பது இஃபத்தின் வழக்கம். கலியமூர்த்தியின் முதல் இரண்டு ரத்தத்திலும் தடயம் இருந்தது. ஆறு நாள் முன்பு எடுத்த மூன்றாவது ரத்தத்தில் அது சுத்தமாக இல்லை.

அப்படியானால் அது கலியமூர்த்தியின் ரத்தமே இல்லை. முப்பது பேரில் அந்த வைரஸ் இல்லாதவர் ஒருவர்தான் இருந்தார். சங்கத்தின் பொருளாளர் லட்சுமணன், வயது எழுபத்தொன்று.

உதவியாளன் ஸ்ரீகாந்த் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, இதை நாம் இரண்டு பேரைத் தவிர யாரும் கவனிக்கப்போவதில்லை என்று மெல்லச் சொன்னான். இருக்கிற ரத்தத்தில் எதிர்ப்பு அளவும் நன்றாக இருக்கிறது, ஆளும் முப்பது ஆகிறது என்றான். இஃபத்துக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது உண்மை. மூன்று வருஷ உழைப்பு ஆயிற்றே. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பொய்க் கணக்கை வைத்து இன்னொருவருடைய அத்தாவுக்கு ஊசி போட அவளுக்கு மனசு வரவில்லை. ரத்தம் எடுக்க விதிப்படி மறுநாள் வரை அவகாசம் இருந்தது. ஊசியையும் குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

லட்சுமணன் சங்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். இஃபத் கேட்டதும் மறைக்கவே இல்லை. கம்பெனி நாளில் வாசல் பலகையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் மாட்ட வேண்டுமாம். ஒருவன் வர முடியாத நாளில் பக்கத்து மெஷின்காரன் அவனுடையதையும் சேர்த்து மாட்டிவிடுவான். முப்பது வருஷம் லட்சுமணனும் கலியமூர்த்தியும் மாறி மாறிச் செய்த உபகாரம் அது. மூன்றாவது தடவை ரத்தம் எடுத்த அன்றைக்குக் காலையில் லட்சுமணன் ஒரு மேஜையில் தன் பெயருக்குக் கொடுத்தார். பிறகு குல்லாவும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, நண்பனுடைய ஆராய்ச்சி அட்டையோடு, புதிதாக வந்த நர்ஸ் இருந்த மேஜைக்குப் போனார்.

"அவன் வரலன்னா உங்களுக்கு ஒரு ஆளு கொறையும்ல, டாக்டரம்மா. அதான் பீச்சாங்கைல எனக்குக் குட்த்தேன், சோத்தாங்கைல அவனுக்குக் குட்த்தேன்" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் யாராலும் திட்ட முடியாது. இஃபத் திட்டினாள். ரத்தம் டோக்கன் இல்லை என்று நாலு பேர் முன்னால் சத்தமாகவே சொன்னாள். கேரம் அப்படியே நின்றுபோயிற்று. லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டு, வாங்க, நானே கூட்டிக்கினு போறேன் என்று கிளம்பினார்.

கலியமூர்த்தியின் வீடு கள்ளிக்குப்பத்தில் இருந்தது. இஃபத்தைக் கண்டதும் மனிதர் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தான் சுவரோரமாக நின்றுகொண்டார். அவர் மனைவி கன்னியம்மாளுக்கு ஒரு வாரமாக ஃப்ளூ. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதில் அப்படித்தான் சொன்னார்களாம். இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். ராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது அவர்தான். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்று கன்னியம்மாள் குறைபோலச் சொன்னாள். ஊசி வேலை செய்திருக்குமோ என்று இஃபத்துக்கு ஆசை எழுந்தது. ஒரு ஆளை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மனைவிக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாமே, நாளை வரை அவகாசம் இருக்கிறதே என்று கேட்டாள். கலியமூர்த்தி மனைவி கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"என் ரத்தத்துல ஒண்ணுமே ஏறலன்னு போன வாட்டி பேசிக்கினாங்க, என் காதுல வுயுந்துச்சு. என்னுது இருந்தா உங்களுக்குக் கெட்ட பேருதான். அவன்து நல்ல ரத்தம்."

இஃபத் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினாள். அப்படி அலட்சியமாகப் பேசியது வேறு யாருமில்லை. அவளும் ஸ்ரீகாந்தும்தான், சங்கத்து வராந்தாவில் நின்றுகொண்டு.

"எனக்கு நல்ல ரத்தம் வேணாம் சார். உங்க ரத்தம்தான் வேணும்" என்றாள். கலியமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டார். லட்சுமணன் வாசலிலேயே நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது ரத்தத்தின் முடிவு வருவதற்கு முன்பே, நடந்தது அத்தனையையும் ஒளிக்காமல் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். முடிவு வந்த பிறகு எழுதினால் அது நேர்மையாக இருக்காது என்று நினைத்தாள். மறுநாள் மதியம் கார்த்திகேசன் வீடியோவில் வந்தார். ஆளை அடையாளம் பார்க்கத் தெரியாத இடத்தில் என்ன ஆராய்ச்சி என்று கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அத்தனையும் நியாயம் என்பதால் இஃபத் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். பிறகு அவரே தாளைப் புரட்டிக்கொண்டு நிறுத்தினார். ஒரே மனிதருடைய ரத்தம், இரண்டு பெயரில், யாருக்கும் தெரியாமல் தனித்தனியாக அளக்கப்பட்டிருக்கிறது. இரண்டு அளவும் அச்சாக ஒன்றாக இருந்தன. அவள் கூடத்தின் அளவுகள் ஆடுகின்றன என்று ஒரு வருஷமாகக் குறை சொல்லிவந்தவர் அவர்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முப்பதாவது ஆளின் முடிவு வரட்டும், இனி அட்டையில் போட்டோ ஒட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முடிவு திங்கட்கிழமை வந்தது. வைரஸின் தடயம் பழையபடி இருந்தது. முதல் ஊசிக்குப் பிறகு கலியமூர்த்தியின் எதிர்ப்பு அளவு வெறும் பத்து. இரண்டாவது ஊசிக்குப் பிறகு எண்பது. ஸ்ரீகாந்த் மேஜையைத் தட்டினான். முப்பதில் இருபது பேருக்கு ஏறியிருந்தது, பத்துப் பேருக்கு ஏறவில்லை. உலகத்தை மாற்றுகிற கணக்கு இல்லைதான். ஆனால் அடுத்த கட்டத்துக்கு முன்னூறு பேரை வைத்துப் பார்க்க அது போதும் என்று குழு அன்று சாயங்காலமே எழுதிவிட்டது.

இஃபத் முதலில் போன் செய்தது கள்ளிக்குப்பத்துக்கு.

"பாஸா பெயிலா, அத்தச் சொல்லுங்க மொதல்ல" என்றார் கலியமூர்த்தி.

எட்டு மடங்கு ஏறியிருக்கிறது என்று சொன்னாள். சங்கத்து வராந்தாவில் அவரைப் பற்றி அப்படிப் பேசியது தன் தப்பு என்றும் சொன்னாள்.

"அப்போ இந்த ஒடம்பு இன்னும் கத்துக்கினுதான் கீதுன்றீங்க."

"கத்துக்குது சார். ரெண்டு தடவ சொல்லணும், அவ்ளோதான்."

பிறகு அவர் போனை வைக்க மறந்து, பக்கத்தில் இருந்த கன்னியம்மாளிடம் பேசுவது கேட்டது.

"என் ரத்தம்தான், தெரியுமா? லட்சுமணன்து இல்ல."