இடது காலில் விட்டுப்போன பக்கங்கள்

வெல்டரின் மகள் கதை கேட்டால் மட்டுமே வளர்ந்தாள். சோறு, பால், டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக் எதற்கும் அவள் எலும்பு மசியவில்லை. ஏழு வயதில் மூன்று வயதுக் குழந்தையின் உயரம். மேஜைக்கு மேல் தலைமுடி மட்டும்தான் தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் அவளைப் பாலர் வகுப்பிலேயே உட்காரவைத்திருந்தார்கள். அடுத்த வருடமும் இப்படியென்றால் வேறு இடம் பாருங்கள் என்று தலைமை ஆசிரியை கைகழுவிவிட்டார். அந்த வாரம் அம்மா ஏதோ ஒரு படக்கதையை வாசித்துக் காட்ட, வாசித்து முடிப்பதற்குள் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பாடப்புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை வாசித்துப் பார்த்தார்கள், கொட்டாவிதான் வந்தது. கேட்ட கதையைத் திரும்பச் சொன்னாலும் பலனில்லை.

அம்மாவுக்கு மருந்துக்கடையில் மாலை வேலை. வாசிப்பு அப்பா தலையில் விழுந்தது. பகலெல்லாம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு எழுத்து ஒவ்வொன்றும் மணல். நடுவில் ஏழெட்டுப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, கதையில் வழி தவறிப்போன ஒட்டகத்தை நேராக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஒரே மாதத்தில் மகளின் இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது.

"நடுவுல பக்கத்தை முழுங்கினீங்களா?" என்று அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டகம் வீட்டுக்கு வந்துடுச்சுல்ல? அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"எப்படி வந்துச்சுன்னு அந்தக் காலையே கேளுங்க."

விட்ட பக்கங்களை மறுபடி வாசிக்க உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கதையில் ஒட்டகம் ஏன் அழுதது என்று மகள் கேட்டாள். தெரியாது என்றார். தெரியாமல் என்னத்தைப் படிக்கிறாய் என்றாள். அவர் மறுபடி இரண்டு வரியைத் தாண்ட, அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"குடுப்பா. உன்னை நம்பினா நான் நொண்டிக்கிட்டேதான் திரியணும்."

பிடுங்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதினாள். நாலு வரிக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ஆனால் எதையும் தாண்டவில்லை. பள்ளி திறப்பதற்குள் இரண்டு காலும் சரியாகி, முழங்கை மேஜையில் பதிந்தது. அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் நிறுத்தவில்லை. மாதத்துக்கு ஒரு சீருடை கிழிந்தது. பத்து வயதில் நிலைப்படி தலையில் இடித்தது.

"கொஞ்சம் மூடி வையேம்மா."

"இன்னும் ரெண்டே பக்கம்பா."

அப்பா முணுமுணுத்தபடி பட்டறையிலிருந்து கட்டரைக் கொண்டுவந்து, இரும்பு நிலையை அறுக்க ஏணியில் ஏறினார். கீழே டேப்பைப் பிடித்திருந்த அம்மா எவ்வளவு உயர்த்த என்று கேட்டாள். மகள் கையில் இருந்த புத்தகத்தின் தடிமனை அவர் ஒரு தடவை பார்த்தார்.

"ஒரு முழம் சேர்த்தே வை."