பாடகி எங்கே நிற்கிறாள்?

ஹாங்காங்கில் ஸ்பீக்கர் பைத்தியங்களுக்குக் ‘காய்ச்சல்காரர்கள்’ என்று பெயர். மற்ற காய்ச்சல் மாத்திரை போட்டால் இறங்கும், இது இறங்கவே இறங்காது. அந்தக் கூட்டத்தில் ஹாவ் சுங்-பானுக்குத் தனி மரியாதை. அறுபத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை, ‘தங்கக் காது’ என்று பட்டம். அவர் தலையாட்டினால் ஸ்பீக்கர் வீட்டில் தங்கும். உதட்டைப் பிதுக்கினால் கடைக்குத் திரும்பும்.

அந்தக் காதுக்குத்தான் கண் பட்டுவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சோதித்த பெண், “இடது காது கொஞ்சம் மந்தம் மாமா. சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு இனிமே கொஞ்சம் குழப்பும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஹாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டால் அவருக்கு நாதியில்லை. காது போன தங்கக் காதை எவன் வீட்டுக்குக் கூப்பிடுவான்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த ஞாயிறு மோக் கின்-லாம் வீடு. தை கொக் சுய் பேட்டையில் பதினாலாவது மாடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹால். கடைக்காரன் மூன்று நாள் கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிய ஸ்பீக்கர் இரண்டும் ஆளுயரம். அவை நிற்பதற்காகச் சாப்பாட்டு மேசை படுக்கையறைக்குப் போயிருந்தது. மோக்கின் மனைவி யூக்-லின், “ரெண்டு மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதலில் மோக்கின் சொந்த ஆம்ப்ளிஃபயரில், அதாவது ஆம்ப்பில், ஒரு பாடகியின் பாட்டைப் போட்டார்கள். ‘பாஸ்’ என்கிற அடித்தாளம் ஹாலையே கிடுகிடுக்க வைத்தது. அலமாரியில் கோப்பைகள் ஆடின. கீழ் வீட்டில் மாஜோங் காய்கள் தாமாகவே நகர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

“இந்த யானைக்கு உன் ஆம்ப் பாகனாடா?” என்றான் குண்டு லாய். மருந்துக்கடைக்காரன், வாய்க்காரன். தன் வால்வு ஆம்ப்பைத் தள்ளுவண்டியில் வைத்து, குளிருக்குப் போர்த்திய குழந்தைபோல் துண்டு சுற்றிக் கொண்டுவந்திருந்தான். “இதைப் போட்டுப் பாரு. அடக்கிக் காட்டுறேன்.”

ஆம்ப்பை மாற்றினால் ஒயரையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்த வேலை ஹாவுடையது. வேறு எவன் தொட்டாலும் அவருக்கு ஆகாது. ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் தோளை நுழைத்து, இருட்டுக்குள் நாலு முனையையும் முடுக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பாட்டு தொடங்கியது. அடடா, கோப்பை ஒன்றுகூட ஆடவில்லை! அடித்தாளம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. ஓசை சுவரைத் தாண்டி அகலமாகப் பரவியது.

“பாத்தியா! பாத்தியா!” என்று லாய் தொடையில் தட்டினான்.

“சுவரே காணாமப் போச்சுடா!” என்று மோக் கும்பிடாத குறை. “ஹாவ் அண்ணே, என்ன சொல்றீங்க?”

ஹாவ் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குரல் இருக்கிறது, ஆளைக் காணவில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டிய பாடகி எங்கேயும் நிற்கவில்லை. இடது பக்கம் பார்த்தால் வலது பக்கம் இருக்கிறாள், வலது பக்கம் பார்த்தால் முதுகுக்குப் பின்னால். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது நடந்துவிட்டது. இவ்வளவுதான், முடிந்தது கதை. மற்ற இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. ‘பாடகியைக் காணோம்’ என்று வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

“அருமை” என்றார். “அகலம்... நல்ல அகலம்.”

“தங்கக் காதே சொல்லிட்டாரு! நாளைக்கே இந்த ஆம்ப் மாதிரி ஒண்ணு தேடணும்” என்று மோக் துள்ளினான்.

யூக்-லின் சிவப்புப் பயற்றுக் கஞ்சிக் கிண்ணங்களோடு வந்தாள். ஒரு நிமிடம் நின்றாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“ஏங்க, பாடுற பொண்ணு எங்க?”

“என்னது?” என்றான் மோக்.

“முன்னாடி போட்டப்ப டம்டம்னு காதைப் பொளந்தாலும் அந்தப் பொண்ணு நடுவுல டிவிக்கு நேரா நின்னு பாடினா. இப்ப பாட்டு வீடு பூராப் புகை மாதிரி சுத்துது. ஆளைக் காணோமே?”

“அண்ணி, இது காய்ச்சல்காரங்க சமாச்சாரம்...” என்று லாய் ஆரம்பித்தான்.

“வாயை மூடுடா!” ஹாவ் எழுந்த வேகத்தில் அவள் கையில் இருந்த கஞ்சி பாதி தரையில். “தங்கச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க. ஆளைக் காணோமா? உங்களுக்குமா?”

“எனக்குமான்னா?”

பதில் சொல்ல அவர் அங்கே இல்லை. மோக்கின் போனைப் பிடுங்கி, டார்ச் அடித்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையை விட்டிருந்தார். ஒயரின் சிவப்பு முனை கறுப்பில், கறுப்பு முனை சிவப்பில். அவரே மாட்டியது. ஒரு ஸ்பீக்கர் மூச்சை வெளியே விடும்போது இன்னொன்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அடித்தாளத்தை இரண்டும் தின்றுவிட்டன, பாடகிக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. வால்வுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

“நான்தான்டா தப்பா மாட்டினேன்!” சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து சத்தம் வந்தது. “தலைகீழா மாட்டியிருக்கேன்! நானேதான்!” லாட்டரி அடித்தவன்கூட இப்படிக் கூவமாட்டான்.

ஆம்ப்பை அணைத்து, ஒயரை மாற்றி, மறுபடி போட்டார். அவள் வந்துவிட்டாள். டிவிக்கு நேராக, இம்மி பிசகாமல், உதடு பிரிவதுகூடத் தெரிகிற மாதிரி நின்றாள். கூடவே அடித்தாளமும் திரும்பி வந்து கோப்பைகளை ஆட்டியது.

“போச்சு! முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சே அண்ணே!” என்று மோக் அழாக்குறையாகச் சொன்னான்.

“அறைக்குப் பெரிசு இந்த ஸ்பீக்கர். எந்த ஆம்ப் போட்டாலும் இடிக்கும். திருப்பி அனுப்பு” என்றார் ஹாவ். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

யூக்-லின் அவரையே பார்த்தாள். “உங்களுக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கு. பின்ன ஏன் அருமைன்னீங்க?”

“பயந்துட்டேன் தங்கச்சி.” ஆஸ்பத்திரிக் கதையை ஒன்றுவிடாமல் கொட்டினார். “காது போச்சுன்னு நெனச்சேன். போனா நீங்கள்லாம் என்னைக் கழட்டி விட்டுருவீங்கன்னு நெனச்சேன். இவங்க ரெண்டு பேர் மூஞ்சியும் மலர்ந்திருந்துச்சு. அதைப் பாத்து நானும் தலையாட்டிட்டேன்.”

குண்டு லாய், அந்த வாய்க்காரன், கஞ்சிக் கிண்ணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்துவிட்டது.

“எனக்கு வலது காது மூணு வருஷமாவே சரியில்ல அண்ணே” என்றான். “நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க. நீங்க சும்மா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்னுதான் நான் தொடையைத் தட்டினேன்.”

“நீங்க?” என்று யூக்-லின் புருஷன் பக்கம் திரும்பினாள்.

மோக் தலையைச் சொறிந்தான். “எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. நல்லா இருக்கா இல்லையான்னுதான் என்னைக்கும் தெரிஞ்சதில்ல. இவங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடுவேன்.”

“இருபது வருஷமா?”

“இருபத்திரண்டு.”

யூக்-லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹாவ் தன் இருக்கையைக் காட்டி, “தங்கச்சி, இங்க உக்காருங்க” என்றார். நேர் நடு இருக்கை. காய்ச்சல்காரர்கள் தலையே போனாலும் விட்டுத்தராத இடம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போடுங்க. ஆனா ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாக்கக் கூடாது” என்றாள்.

மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.