மணி அடிக்காத சாவு

தொம்மை செத்து நான்கு நாளாகியும் அவன் மனைவி அமலோற்பவம் சாயங்காலமானால் வெந்நீர் போட்டு வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவன் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டுமாம். மாதா கோயிலில் மணி அடிக்கும் இனிகோ அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனான். இன்று மாட்டிக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஆளாளுக்கு என்னென்னவோ சொல்லுதாவ. அவிய செத்திருந்தா நீங்க மணி அடிச்சிருக்க மாட்டியளா?"

அடித்திருப்பான்தான். அப்பன் காலத்திலிருந்து கடற்கரையில் யார் கண் மூடினாலும் இனிகோ வீட்டுக் கைதான் கயிற்றை இழுக்கும். மணி கேட்டதும் தெருவே வந்து கட்டிக்கொண்டு அழும். இந்தக் காலராவில் அதுவும் நின்றுபோயிற்று. மணிச் சத்தம் கேட்டுப் படுத்திருப்பவர்கள் மனம் விட்டுப்போகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். சாமியார் நிறுத்தச் சொன்னார். யாரைக் குறை சொல்ல? முனிசிபாலிட்டி வண்டி ஆஸ்பத்திரியிலிருந்தே கல்லறைக்குப் போய்விடும். முகம்கூடப் பார்க்க முடியாது. சங்கு குளிக்கப் போனால் கடைசியாகக் கரையேறுகிற தொம்மையோடு சேர்த்துப் பதினோரு பேர் அப்படிப் போய்விட்டார்கள்.

அவர் வந்த பிறகு சாப்பிடலாம் என்று அமலோற்பவம் பட்டினி கிடந்தாள். பால் வற்றி, மடியில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அது அவள் காதில் விழவேயில்லை. இவளுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று இனிகோவுக்குப் பயமாக இருந்தது.

சாமியாரிடம் போனான்.

"சாமி, தொம்மைக்கு மட்டும் அடிச்சிக்கிடுதேன்."

"வீட்டுக்கு வீடு படுத்துக் கெடக்காங்க, இனிகோ. அவங்கள யோசிச்சியா?"

யோசிக்காமலா? அவன் பெண்டாட்டி சூசம்மாளும் அப்படித்தான் கிடந்தாள். கோயிலுக்குப் பின்னால்தான் வீடு. மணி அடித்தால் முதலில் அவள் காதில்தான் விழும்.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், யாரையும் கேட்காமல் கயிற்றைப் பிடித்தான். மூன்றாவது அடிக்குத் தெருக்கோடியிலிருந்து அமலோற்பவத்தின் குரல் எழுந்தது. இத்தனை நாளாக வராத அழுகை. சாத்திக்கிடந்த கதவுகள் திறந்தன. சீக்குக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பெண்கள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளையை வாங்கித் தன் மார்பில் அணைத்துப் பால் கொடுத்தாள்.

போதும் என்று இனிகோ கயிற்றை விட்டான். திரும்பினால் கோயில் வாசலில் ஆட்கள்.

"எங்க அம்மைக்கும் அடிக்கலியே," என்றார் முன்னால் நின்றவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண் சின்னக் கவுன் ஒன்றை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். எல்லோருக்கும் பின்னால் சாமியார் நின்றார். நிறுத்து என்று அவரும் சொல்லவில்லை.

தன் வீட்டுப் பக்கம் பார்க்கத் துணிவில்லாமல், இனிகோ மறுபடியும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.