அண்ணனின் சாவி

அப்பாவின் கம்ப்யூட்டரில் லாகின் சாவிகளை அவள் இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் லேப்டாப் திருடுபோன பயத்தில், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி அப்பாவின் ஃபோல்டரைப் பூட்டியிருந்தாள். வெளியூரிலிருந்து நெட் வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்குள் வருகிறவர்களை அடையாளம் காட்டும் சாவிகளும் அதற்குள்தான் கிடந்தன. பூட்டிய பிறகு அவற்றை யார் எடுத்துச் சரிபார்ப்பது? சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். அலுவலகத்தில் அன்றாடம் செய்கிற வேலை என்பதால் சிரமம் ஒன்றுமில்லை. சாவிகளுக்கு வெளியே தனி இடம் ஒதுக்கி, செட்டிங்கில் அந்த இடத்தை எழுதினாள். தன் சாவியைப் போட்டாள். அண்ணனுடையதில் கை நின்றது.

அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்தபோது வராதவன். எல்லாம் முடிந்தபின் வந்து, தலையைக் காட்டிவிட்டுப் போனவன். அப்பாவைக் குளிப்பாட்டுவதிலிருந்து டாக்டரிடம் கூட்டிப்போவதுவரை இவள் தலையில். வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று எழுந்துவிட்டாள்.

அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது; ஃபோனில் பேசிப் பயனில்லை. சாயங்காலமானால் அண்ணன் எங்கிருந்தோ அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைவான். கறுப்புத் திரையில் இருவரும் மாற்றி மாற்றி எழுத்தில் தட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா ஒற்றை விரலால் தட்டிவிட்டுத் தனக்குத்தானே சிரிப்பார்.

"அண்ணனக் காணோமே?"

"வேலையா இருக்கும்ப்பா." உதடு தெரிய மெதுவாகச் சொன்னாள்.

"பாவம், அலையுறான்."

சில நாட்கள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அண்ணன் சாவியை ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடலாம் என்று தள்ளிவைத்தாள். ஞாயிற்றுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அண்ணனிடம் ஃபோனில் பேசினாள்.

"வலது பக்கம் விழுந்துடுச்சு. படிச்சா புரியுதான்னு தெரியலன்னு டாக்டர் சொல்றார். ஏன்ணா, உள்ள விடலன்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"தினமும் முட்டிப் பாத்தேன். அப்பாதான் என் சாவிய எடுக்கச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். அம்மா விஷயத்துல கோவம் இருக்கும்ல. நியாயந்தானேன்னு விட்டுட்டேன்."

"அவர் இல்லண்ணா. நான்தான்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இப்பப் போடு" என்றான்.

ஒரு வரியை ஒட்டுகிற வேலை. காபி ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து அப்பாவைத் திரைக்கு முன் நிறுத்தினாள். கறுப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 'அப்பா, நான்தான்.'

அப்பா முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைப்பதுபோல் அந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார். அழியவில்லை. அதற்குள் அடுத்த வரி வந்தது. அதையும் துடைத்தார்.