இருக்கிறான் என்று சொன்னவன்

கனடாவுக்குக் கதைப்பதென்றால் கனடா வரைக்கும் கேட்கக் கத்த வேண்டும் என்பது எங்கள் சனத்தின் எண்ணம். தொண்ணூற்றொன்பதில் வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். கதைப்பதற்குக் கண்ணாடி அறை இருந்தது. கதவைச் சாத்தினாலும், வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்கு உள்ளே இருப்பவரின் குடும்பக் கதை முழுக்கத் தெரிந்துவிடும். மெல்லக் கதையுங்கோ என்று சொல்லி என் வாய்தான் நொந்தது.

அமராவதி அம்மாவும் கத்தினார். நெடுங்கேணியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர். மகன் நிஷாந்தனைச் சந்தையடியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருசம். எங்கே விசாரித்தாலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். “என்ர புக்கையை ஒருக்காப் பாத்தாக் காணும்” என்று கனடாத் தங்கச்சியிடம் அழுதார். பொங்கலைத்தான் நாங்கள் புக்கை என்போம்; அதைப் பானையோடு முடிப்பானாம், அதனால் மகனுக்கு வீட்டில் அந்தப் பெயர்.

சில நாள் கழித்து ஒரு ஆண் குரல் கடைக்கு அழைப்பு எடுத்தது. வெள்ளிக்கிழமை அமராவதி அம்மாவை வரச் சொல்லுங்கோ, திரும்ப எடுக்கிறன் என்றது. இப்படி வரும் அழைப்புக்கு முகாமுக்குச் சொல்லியனுப்புவது கடை வழக்கம். அவரும் வந்தார். அழைத்தவன் தெற்கில் ஒரு சிறையில் வேலை செய்கிறானாம், மகன் அங்கேதானாம், பெயர் பதியவில்லையாம், ஆளை வெளியில் எடுக்கலாமாம். அம்மா லேசுப்பட்டவர் இல்லை. மகனுக்கு வீட்டில் என்ன பெயர் என்று கேட்டுவரச் சொன்னார். அடுத்த வெள்ளி அவன் சரியாகச் சொன்னான். அன்றைக்கே தோட்டைக் கழற்றி, அவன் அனுப்பிய ஆளிடம் பஸ் நிலையத்தில் கொடுத்தார். பிறகு காப்பும் போனது.

அவர் கத்தினதில் அரைகுறையாக என் காதில் விழுந்திருந்தது; காப்புப் போன பிறகுதான் முழுக் கதையையும் எனக்குச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா, அந்தப் பேர் எனக்கும் தெரியும். வாங்கில இருந்த எல்லாருக்கும் தெரியும். நீங்கள்தானே கத்தினனீங்கள்.”

அவர் எழும்பிப் போனார். பாழ்படுவான் அடுத்த வெள்ளியும் எடுத்தான். நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க நான் வாயெடுக்க, அமராவதி அம்மா வந்து ரிசீவரை வாங்கினார். அன்றுதான் முதன்முதலாக மெல்லக் கதைத்தார். பிள்ளை சாப்பிட்டவனோ, இருமல் சுகமோ என்று கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கள்ளன் எண்டு தெரியும் பிள்ளை. என்ர மகன் செத்திட்டான் எண்டு சொல்ல ஊர் முழுக்க ஆக்கள் இருக்கு. இருக்கிறான் எண்டு சொல்ல இவன் ஒருத்தன்தான்.”

புருசன் சின்னராசா கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். மகன் செத்ததாக வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்து முடிப்போம் என்பது அவர் கதை. இருக்கிற பிள்ளைக்கு என்ன அந்தியேட்டி என்பது அம்மாவின் கதை. கடைசியில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு தங்கத் தாலிக்கொடியையும் அவனுடைய ஆளிடம் கொடுத்தார். அடுத்த வெள்ளி அவனிடம், இனித் தன்னிடம் ஒன்றுமில்லை, சும்மா எடுத்து, இருக்கிறான் என்று சொன்னாலும் காணும் தம்பி என்று கெஞ்சினார். அவன் வைத்துவிட்டான்.

பிறகு அவன் எடுக்கவே இல்லை. அமராவதி அம்மா வெள்ளிக்கிழமைகளில் வந்து வாங்கில் இருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் அரைவாசி எழும்புவார். வேறு யாருக்கோ வந்திருக்கும். பிறகு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அவன் கடைசியாக எடுத்த வெள்ளிக்கிழமை என்ன திகதி என்று கேட்டார். இனி எதற்கு அம்மா அந்த நாயின் கதை என்றேன். அந்தியேட்டி செய்யப்போகிறோம், மகன் செத்த திதியை ஐயர் கேட்கிறார் என்றார். அப்படியென்றால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன நாளைச் சொல்லுங்கோ என்றேன்.

“அதுக்குப் பிறகும் இருந்தவன்தானே” என்றார்.

நான் திகதியைச் சொன்னேன்.