ஆமுண்ட் பேசி முடிக்கும் வரை

'வடக்கு விளக்கு' மூன்றாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது நான் ஒருவர் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். பல் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. பையில் கிடந்த போன் விடாமல் துடித்தது. என்னவோ ஏதோ என்று ஓய்வறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், எங்கள் ரசிகர் சங்கத்து ஆட்கள் ஆறு பேரும் ஒரே படத்தை ஆறு தடவை அனுப்பியிருந்தார்கள். கலங்கரை விளக்கம், அதன் கீழே '3' என்று ஓர் எண். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கப்படவில்லை.

'வடக்கு விளக்கு' கம்ப்யூட்டரில் விளையாடும் கதை. துப்பாக்கி கிடையாது. ஒரு தீவு, அதில் பதினோரு மனிதர்கள். யாரிடம் போய்ப் பேசுகிறோம், எதைக் காதில் வாங்குகிறோம் என்பதுதான் ஆட்டமே. முதல் பாகம் எனக்கு உயிர். இரண்டாம் பாகத்தை யாரோ அவசரத்தில் எழுதியிருந்தார்கள். வாயைத் திறந்தாலே நக்கல். மீன் விற்பவள் நக்கல், பாதிரியார் நக்கல், சாகக் கிடக்கிறவர்கூட நக்கலடித்துவிட்டுத்தான் செத்தார்.

இந்தமுறை கதை எழுதும் தூவா ரோஸ்வால் என்ற பெண், 'ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தார். விட்டுவிடுவோமா? அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் பேட்டையான மயோர்னாவில் நூலகத்தின் மாடி அறையில் கூட்டம் போட்டோம். எங்கள் நாட்டில் ஏழு பேருக்கு ஒரே விஷயம் பிடித்துவிட்டால் போதும், அடுத்த வாரமே தலைவர், செயலாளர், நிகழ்ச்சி நிரல் எல்லாம் வந்துவிடும். யார் என்ன பேசினார்கள் என்று செயலாளர் குறிப்பெடுப்பார். அதை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தச் செயலாளர் நான். அன்று சரிபார்க்கும் முறை டோர்கெலுடையது.

டோர்கெல் தீவுகளுக்குப் போகும் படகில் கயிறு கட்டுகிறவன். நாற்பது வயது. பேசும்போது திக்கும். அதனால் கூட்டங்களில் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வான்.

தலைவி குன்வோர் காபி ஊற்றி, ஏலக்காய் பன் தட்டைச் சுற்றுக்கு விட்டாள். வரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவள், கூட்டத்தைக் கறாராக நடத்துவாள்.

"எனக்கு ரெண்டாம் பாகம் புடிச்சிருந்தது," என்று ஆரம்பித்தான் லுட்டே. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்ப்பவன். "அடிக்க வராதீங்க. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அவ்ளோதான்."

"ஆஸ்பத்திரிச் சாப்பாடே ருசியா இருக்குன்னு சொல்ற ஆளுதானே நீ," என்றேன்.

"அதைச் சமைக்கிறதே நான்தான், மாய்க்கென்."

"அதனாலதான் சொல்றேன்."

"அந்த எழுத்தாளருங்க கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருந்தாலே போதும்," என்றாள் குன்வோர். அதையும் எழுதிக்கொண்டேன். நான் ஒன்றையும் விடமாட்டேன்.

அப்போதுதான் டோர்கெல் கை தூக்கினான்.

"ஆ... ஆமுண்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

ஆமுண்ட்தான் கதையில் கலங்கரை விளக்கக் காவலர். அவருக்கும் திக்கும். எங்களில் யாரும் டோர்கெல் முன்னால் அவர் பெயரை எடுத்ததில்லை.

"மு... முதல் பாகத்துல அவரு பேசுறப்ப தாண்டிப் போற பட்டனை அமுக்குனா ஒண்ணும் ஆகாது. நின்னு கே... கேட்டுத்தான் ஆகணும். என் வாழ்க்கையில..."

"யாரும் பொறுமையா கேட்டதில்லை, அதானே?" என்றாள் குன்வோர்.

"இல்ல. என் வாழ்க்கையில, அந்த மாதிரி ஒரு ஆ... ஆளைக் கதையில பாத்ததே இல்லன்னு சொல்ல வந்தேன்." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "ரெண்டாவதுல அவரு வாயைத் திறந்தா மத்தவங்க மு... முடிச்சு வைக்கிறாங்க. சிரிக்கிறாங்க. நான் அ... அணைச்சுட்டேன். அப்புறம் தொடவே இல்ல. மூணாவதுல அவரு பேசி முடிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவன் பேசி முடிக்கும்வரை நான் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். லுட்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திக்குகிறவரை உற்றுப் பார்க்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

பிறகு கடிதம் எழுத உட்கார்ந்தோம். "குறை சொல்ற மாதிரி இருக்கக் கூடாது" என்றாள் குன்வோர். "எல்லாருக்கும் சம்மதமா இருக்கணும்" என்றார் இன்னொருவர். இரண்டு மணி நேரம் தேய்த்ததில் டோர்கெல் சொன்னது இப்படி ஆகியிருந்தது: 'கதாபாத்திரங்களின் பேச்சு முறைகளில் பன்முகத்தன்மையை வரவேற்கிறோம்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோர்கெலைப் பார்த்தேன், தலையாட்டினான். ஊரோடு ஒத்துப்போகிற புத்தி எனக்கும் உண்டே, நானும் ஆட்டினேன். வீடு போய்ச் சேரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கூட்டக் குறிப்பைச் சுத்தமாக டைப் அடித்து டோர்கெலுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அன்றே கடிதத்தையும் தூவா ரோஸ்வாலுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, இரண்டு நோயாளிகளுக்கு இடையில் சும்மா சங்கத்து மெயிலைத் திறந்து பார்த்தேன். நான் அனுப்பியிருந்தது கடிதம் அல்ல, கூட்டக் குறிப்பு. நான்கு பக்கம். வாயை மூடச் சொன்னது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு, டோர்கெல் சொன்னது, நடுவில் குன்வோர் குறுக்கிட்டது, எல்லாம் வரிக்கு வரி. குன்வோரின் கோபத்தைச் சமாளித்துக்கொள்ளலாம். வாழ்நாளில் ஒருமுறை வாய் திறந்தவனின் பேச்சைத் தெரியாத ஆட்களிடம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேனே என்பதுதான் பொறுக்கவில்லை.

வேலை முடிந்ததும் சால்ட்ஹோல்மன் படகுத்துறைக்குப் போனேன். டோர்கெல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "மன்னிச்சுடு. இன்னைக்கே எழுதி, அதைப் படிக்காம அழிக்கச் சொல்றேன்."

அவன் கயிற்றைக் கொக்கியில் மாட்டினான்.

"நீ எழுதுனதைப் ப... படிச்சுதானே கையெழுத்துப் போட்டேன்," என்றான். "அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. கடிதத்துலதான் நான் இல்ல."

"அப்ப அப்படியே விட்டுடவா?"

"விடு. ஒ... ஒருத்தராவது படிக்கட்டும்."

ஐந்து வாரம் ஒரு சத்தமும் இல்லை. விஷயம் தெரிந்ததும் குன்வோர் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், ஆனால் 'செயலாளர் அவர்களே' என்றுதான் கூப்பிட்டாள். டோர்கெல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினமும் சங்கத்து மெயிலைத் திறந்து பார்க்கிறான் என்று லுட்டே சொன்னான். படிக்காமலே குப்பையில் போட்டிருப்பார்களோ என்ற பயம் எனக்கு.

மே மாதத்தில் பதில் வந்தது. அதை நான் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மற்ற ஆறு பேருக்கும் முன்னால் திறந்து வாசித்தேன்.

'நானூறு கடிதங்கள் வந்தன. எல்லாமே மரியாதையாக இருந்தன. கூட்டக் குறிப்பு உங்களிடமிருந்து மட்டும்தான் வந்தது. சிரித்தேன். பிறகு ஆமுண்ட் பற்றிய பக்கத்துக்கு வந்தேன். அவர் பேச்சு இழுக்கிறது என்று பலர் புகார் சொன்னதால் இரண்டாம் பாகத்தில் வெட்டினோம். அப்போதும் நான் குழுவில் இருந்தேன், வெட்டியவள் நான்தான். மூன்றாவதில் அவர் பேசி முடிப்பார், நடுவில் யாரும் நுழைய மாட்டார்கள். இது உறுதி.'

லுட்டே மேசையில் தட்டினான். குன்வோர் அவனை அடக்கினாள். நான் மேலே படித்தேன்.

'ஒன்று மட்டும் தெரியவில்லை. அவர் பேசும் நேரத்தில் திரையில் எதைக் காட்டுவது? முதல் பாகத்தில், அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று கடலைக் காட்டினோம். இப்போதும் அப்படியே வைக்கலாமா என்று டோர்கெலிடம் கேட்டுச் சொல்வீர்களா?'

குன்வோர் எதையோ சொல்ல வாயெடுத்தாள், மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. நான் பேனாவை எடுத்துக் குனிந்தேன்.

"க... கடல் வேணாம்," என்றான் டோர்கெல்.

எழுதினேன்.

"அவரையே கா..." அந்தச் சொல் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். "கா... காட்டச் சொல்லு. முகத்தை. பேசுறவங்களை எல்லாரும் பா... பாக்குற மாதிரி பாக்கட்டும். கடலைப் பாத்தா, நான் அ... அங்க இல்லாத மாதிரி இருக்கு."

ஆமுண்ட் என்று அவன் சொல்லவில்லை. நான் என்றுதான் சொன்னான்.

நிமிர்ந்தேன். டோர்கெல் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேசும்போது அவன் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான் என்பதே நான்கு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள்.

"இ... இன்னும் ஒண்ணு இருக்கு," என்றான்.

"சொல்லு," என்று பேனாவைக் கீழே வைத்தேன். குறிப்பைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.